கார்க் கூரைத் துணிக்குச் சாயம் ஏறாதது ஏன்?

காரின் உட்கூரை வெளிர் சாம்பல். கறுப்பாக்கினால் ஜோராக இருக்குமே என்று பலருக்கும் ஆசை. ஒரு டப்பா சாயம் வாங்கித் தடவினால் போதாதா?

போதாது. அந்தத் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். பருத்தி தண்ணீரை உறிஞ்சும். வேட்டியில் மஞ்சள் கறை பிடிப்பதுபோல் சாயமும் சுலபமாகப் பிடிக்கும். பாலியெஸ்டர் இழையோ தண்ணீரை அண்டவிடாது. ஆலைகளில் சுமார் 130 டிகிரி செல்சியஸில், அழுத்தக் கலனுக்குள் வேகவைத்துத்தான் அதற்குள் சாயத்தைப் புகுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் இழையின் மூலக்கூறுகள் நெகிழ்ந்து வழிவிடும். ஆறியதும் சாயம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வாசலில் நிற்கும் காரில் இது நடக்கிற காரியமா?

ஸ்பிரே பெயின்ட் அடிக்கலாம். ஆனால் அது வெறும் மேற்பூச்சு. துணியின் மென்மை போய்ச் சொரசொரப்பாகிவிடும். துணிக்குப் பின்னால் மெல்லிய பாலியூரித்தேன் நுரை இருக்கிறது. அதுதான் கூரை வடிவில் வார்த்த பலகையோடு ஒட்டியிருப்பது. வெயிலும் ஈரப்பதமும் வருடக்கணக்கில் அதை அரித்துப் பொடியாக்கும். பழைய கார்களில் கூரைத் துணி, மழையில் நனைந்த பந்தல் மாதிரி தொங்குவது இதனால்தான். அதன்மேல் பெயின்ட் அடித்து என்ன பயன்?

பலகையைக் கழற்றி, பழைய நுரையைச் சுரண்டி, நுரை வைத்த புதுத் துணியைச் சூடு தாங்கும் பசையால் ஒட்டுவதே சரி. சுரண்டுவதில் சோம்பினால் புதுத் துணியும் தொங்கும். கூரையோரத்தில் ஏர்பேக் உள்ள கார் என்றால் நீங்களே கை வைக்காதீர்கள். விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.