மழலை மொழியும் குடும்ப நிலையங்களும்

பாடசாலையின் முதல் வகுப்பிலே ஆசிரியர் காணும் பிள்ளைகள் பல திறத்தினர். ஒரு பிள்ளை கதை கேட்டால் மறுகதை சொல்லும். மற்றொரு பிள்ளையோ, வினாவின் விடை தெரிந்திருந்தும், அதனை வெளியிடச் சொல்லின்றி வாளாவிருக்கும். இவ்வேற்றுமை பாடசாலை வாயிலிலே தோன்றியதன்று. அதற்கு முன் கழிந்த நான்கைந்து ஆண்டுகளில் வீட்டினுள்ளே விளைந்தது. எழுத்தறிவு பேச்சறிவின்மேல் எழுப்பப்படுவதாதலின், அடித்தளம் நலிந்த பிள்ளை வாசிப்பில் மட்டுமன்றி ஏனைய பாடங்களிலும் இடர்ப்படுகின்றது. ஆகவே, பேச்சு வளரும் காலத்திற் பெற்றோருக்கு எவ்வாறு துணைசெய்யலாம் என்னும் வினா கல்வியாளர் யாவருக்கும் உரியதாகும். அவ்வினாவுக்கு விடைகாண முயன்ற நாடுகளுள் இங்கிலாந்தும் ஒன்று. அங்கு கால் நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய குடும்ப நிலையங்களின் வரலாறு ஆராயத்தக்கது.

அந்நிலையங்களின் பணியை விளங்கிக்கொள்ளுமுன், குழந்தை மொழியைப் பெறும் வழியை அறிதல் வேண்டும். பிறந்து சில நாட்களேயான சிசு, பிற பெண்டிர் குரலினும் தன் தாயின் குரலையே விரும்பிக் கேட்கின்றது என்பதை 1980ஆம் ஆண்டில் ஆய்வாளர் இருவர் பரிசோதனையாற் காட்டினர். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த பற்றீசியா கூல் குழுவினரின் ஆய்வு இன்னும் வியக்கத்தக்கது. ஒன்பது மாதம் நிரம்பிய அமெரிக்கக் குழந்தைகள் சிலரோடு, சீன மொழி பேசுவோர் நேரில் இருந்து விளையாடிப் பேசினர். வேறு சிலருக்கு அப்பேச்சே தொலைக்காட்சித் திரையிலும் ஒலிப்பதிவிலும் வழங்கப்பட்டது. நேரிற் பழகிய குழந்தைகள் சீன ஒலிகளின் வேறுபாட்டைப் பிரித்தறியக் கற்றன, ஏனையவை கற்றில. கேட்கப்பட்ட மொழி ஒன்றே. பேசும் ஆளின் முகமும் பார்வையும் உடனிருந்தமையே பயனை வேறாக்கியது.

1995ஆம் ஆண்டில் ஹார்ட், றிஸ்லி என்போர் அமெரிக்காவின் கன்சாஸ் நகரக் குடும்பங்கள் 42ஐ ஆராய்ந்து, வறிய வீட்டுக் குழந்தைகள் மிகக் குறைந்த சொற்களையே கேட்கின்றனர் என எழுதினர். அவர்கள் கூறிய எண்ணிக்கை பின்னர் அறிஞரிடையே பெரிதும் மறுக்கப்பட்டது. 2018இல் வெளியான மூளை ஆய்வொன்றோ, கேட்ட சொற்களின் தொகையினும், குழந்தையும் பெரியோரும் மாறி மாறிப் பேசிய தடவைகளே மொழித் திறனோடு நெருங்கிய தொடர்புடையன எனக் கண்டது. குழந்தை ஒன்று சொல்ல, தாய் ஒன்று சொல்ல, மீண்டும் குழந்தை சொல்லும் அந்த உரையாடலே மொழிக்கு விளைநிலம் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுரையாடலுக்கு வேண்டிய அமைதி எல்லா வீட்டிலும் கிடைப்பதில்லை. வறுமை, ஓயாத வேலை, தாயின் மனச்சோர்வு, உற்றாரின்றித் தனித்து வாழ்தல் ஆகியன பெற்றோரின் நாவையும் கட்டிவிடுகின்றன. இந்நிலையை நோக்கியே பிரித்தானிய அரசாங்கம் 1998ஆம் ஆண்டில் ஷுவர் ஸ்டார்ட் என்னும் திட்டத்தை அறிவித்தது. அதனை வகுப்பதில் முன்னின்றவர் நோமன் கிளாஸ் என்னும் திறைசேரி உத்தியோகத்தர். 1999ஆம் ஆண்டு முதல் வறிய பகுதிகளில் உள்ளூர்த் திட்டங்கள் தொடங்கின. சுகாதாரம், குழந்தை பராமரிப்பு, பெற்றோருக்கான ஆலோசனை ஆகியன ஒரே கூரையின்கீழ்க் கொணரப்பட்டன. குழந்தைகளின் பேச்சு வளர்ச்சியும் அவற்றின் நோக்கங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது.

இத்தகைய நிலையத்தினுள் நடப்பது யாது? தாயும் தந்தையும் குழந்தையோடு வந்து தரையிலமர்ந்து விளையாடுவர். பாட்டுக்களைக் கைதட்டிப் பாடுவர். படப் புத்தகங்களைச் சேர்ந்து பார்ப்பர். வழிகாட்டும் பணியாளர் குழந்தைக்குப் பாடம் புகட்டுவதிலும், பெற்றோருக்கு உரையாடும் வகையைக் காட்டுவதிலேயே பெரிதும் கருத்தூன்றுவர். குழந்தை எதனைப் பார்க்கின்றதோ அதனைப் பற்றிப் பேசுதல் முதலாவது வகை. வினாக்களை அடுக்காது, குழந்தை வாய்திறக்கும்வரை பொறுத்திருத்தல் இரண்டாவது. குழந்தை சொன்னதைச் சிறிது விரித்துச் சொல்லுதல் மூன்றாவது. குழந்தை “நாய்” என்று சுட்டினால், தாய் “ஓம், பெரிய நாய், நாய் ஓடுகின்றது” என்பாள். அது பிழைபடச் சொன்னால், கடிந்து திருத்தாது, சரியான வடிவத்தைத் தன் மறுமொழியில் வைத்துச் சொல்வாள். செலவில்லாத இம்முறைகள் சமையலறையிலும் பேருந்திலும் வீதியிலும் கைக்கொள்ளத்தக்கன.

பெற்றோர் எவ்வளவு பேசினும் பேச்சு வளராத குழந்தைகளும் உளர். இங்கிலாந்தில் நிகழ்ந்து 2016இல் வெளியான ஆய்வொன்று, வேறு வெளிப்படையான காரணமின்றியே மொழிக் குறைபாடுடைய பிள்ளைகள் நூற்றுக்கு ஏழுக்கு மேற்படுவர் எனக் கண்டது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர் என்பது இதன் பொருள். இக்குறைபாடு பெற்றோரின் பிழையால் வருவதன்று. இதனை வேளையோடு கண்டறிதல் நிலையங்களின் மற்றொரு பணி. இரண்டு வயதுக்கும் இரண்டரை வயதுக்கும் இடையிற் சுகாதாரப் பணியாளர் ஒவ்வொரு குழந்தையின் வளர்ச்சியையும் பரிசீலிப்பதும், தேவையுடையோரைப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்புவதும் அங்குள்ள ஒழுங்கு. செவிப்புலன் குன்றியமையாலும் பேச்சுத் தாமதிக்கலாமாதலின், அதனையும் சோதித்தல் இன்றியமையாதது.

வீட்டிலே வேற்றுமொழி பேசும் குடும்பங்களின் நிலை தனியே கருதத்தக்கது. 1983ஆம் ஆண்டின் பின் இலங்கையிலிருந்து பெயர்ந்து இலண்டனில் ஹரோ, ஈஸ்ட் ஹாம் முதலிய பகுதிகளிற் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இதில் அடங்கும். பிள்ளை பாடசாலையிற் பின்தங்குமோ என்று அஞ்சித் தமக்கே நன்கு வராத ஆங்கிலத்திற் குழந்தையோடு பேச முற்படும் பெற்றோர் உளர். இவ்வச்சம் ஆதாரமற்றது. இரு மொழிகளைக் கேட்டு வளர்தல் மொழிக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. பெற்றோர் தமக்கு இயல்பான மொழியிலேயே பேசுதல் வேண்டும் என்பது பிரித்தானியப் பேச்சுச் சிகிச்சையாளரின் தலைமைச் சங்கமும் கூறும் அறிவுரை. தாய்மொழியைக் கைவிட்ட தாயின் பேச்சிற் சொல்வளமும் கதையும் தாலாட்டும் குன்றும், உரையாடலும் சுருங்கும். இரண்டாவது மொழி வேரூன்றுதற்கும் முதன்மொழியின் செழுமையே துணையாகும்.

இந்நிலையங்களின் பிற்கால வரலாறு பாடம் புகட்டுவது. 2010ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 3,600 நிலையங்கள் இயங்கின. அதன்பின் வந்த சிக்கனக் காலத்தில் அவற்றிற்கான செலவு மூன்றில் இரு பங்களவு குறைந்தது. பல நிலையங்கள் மூடப்பட்டன. அவற்றில் வளர்ந்த குழந்தைகள் பதினாறு வயதுப் பொதுப் பரீட்சையை எழுதி முடித்த பின்னரே அப்பரீட்சையிற் கண்ட பயன் கணக்கிடப்பட்டது. இலண்டனிலுள்ள பொருளாதார ஆய்வு நிறுவகமொன்று 2024இல் வெளியிட்ட முடிவின்படி, முதல் ஐந்து ஆண்டுகளும் நிலையத்தின் அருகே வாழ்ந்த வறிய பிள்ளைகள், மூன்று பாடங்களில் ஒவ்வொரு தரம் உயர்ந்தமைக்கு ஒப்பான முன்னேற்றம் பெற்றனர். இப்பயன் நிலையங்களின் எல்லாச் சேவைகளாலும் சேர்ந்து விளைந்தது; பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் உரியதெனல் பொருந்தாது. மேலும், போதிய நிதியோடு ஊராரின் பங்கும் பெற்றிருந்த தொடக்ககாலத் திட்டங்களே இப்பயனைத் தந்தன. பிற்காலத்திற் பரவலாகத் திறக்கப்பட்டவை அத்துணைப் பயன் தரவில்லை. 2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அரசாங்கம் இவற்றை ஒத்த குடும்ப நிலையங்களை எல்லா உள்ளூராட்சிப் பகுதிகளிலும் அமைக்கப்போவதாக அறிவித்தது.

விதைத்தவர் அறுவடையைக் காணப் பதினைந்து ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். வரவு செலவுத் திட்டமோ ஆண்டுதோறும் கணக்குக் கேட்கின்றது. குழந்தைப் பணிகள் எளிதில் வெட்டுண்பதற்கு இதுவே காரணம். ஆயின் மூடப்பட்ட நிலையத்தை மீளத் திறக்கலாம். பேசாது கழிந்த மழலைப் பருவத்தை மீட்டல் அரிது. முதல் வகுப்பில் வாளாவிருக்கும் பிள்ளையைக் காணும் ஆசிரியர், அப்பிள்ளையை மந்தமென்று எண்ணுமுன், அதனோடு பேசுவார் இருந்தனரா, அவர்க்குத் துணையாவார் இருந்தனரா என்று வினவுதல் கடனாகும்.