சைபீரியப் பனியிலிருந்து திரும்பிய கவிஞர்

1982ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அப்போது சோவியத் ஒன்றியத்தின் ஓர் அங்கமாக இருந்த அஸர்பைஜானுக்குச் சைபீரியாவிலிருந்து ஒரு பேழை வந்து சேர்ந்தது. நாற்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் கைதியாக மடிந்த ஒரு கவிஞரின் எலும்புகள் அதனுள் இருந்தன. மக்கள் விரோதி என்று எந்த ஆட்சி அவரைக் கொண்டு சென்றதோ, அதே ஆட்சியின் காலத்திலேயே அவர் மரியாதையுடன் தாயகம் திரும்பினார்.

அவர் பெயர் ஹுஸைன் ஜாவித். குடும்பப் பெயர் ராஸிஸாதா. 'ஜாவித்' என்பது அவரே சூட்டிக்கொண்ட புனைபெயர். ஃபார்ஸியில் அதற்கு 'என்றும் நிலைத்திருப்பவர்' என்று பொருள். அல்லாமா இக்பால் தம் அருமை மகனுக்கு இட்ட பெயரும், 1932இல் வெளியிட்ட 'ஜாவித் நாமா' காவியத்தின் தலைப்பில் இடம்பெற்ற பெயரும் இதுவே. நிலைத்திருப்பவர் என்று பெயர் பூண்டவரின் பெயரை இருந்த இடம் தெரியாமல் துடைத்துவிட ஒரு பேரரசு முயன்றது. அது ஏன் இயலாமற் போயிற்று என்பதே இங்கு நாம் காணவிருக்கும் வரலாறு.

மக்தபும் மதரஸாவும்

ஈரானின் வடமேற்கு எல்லையை ஒட்டி, அராஸ் நதியின் வடகரைப் பகுதியில் நக்சிவான் என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சி நடந்துகொண்டிருந்த 1882ஆம் ஆண்டு, அக்டோபர் 24ஆம் நாள் ஜாவித் அங்கே பிறந்தார். தந்தை முல்லா அப்துல்லாஹ் மார்க்கக் கல்வி பெற்றவர். மகனும் முதலில் மக்தபில் ஓதினார். பின்னர் நக்சிவானில் புதுமுறைக் கல்வியைத் தொடங்கி வைத்த முஹம்மது தகீ சித்கீயின் பள்ளியில் பயின்றார். அங்கிருந்து ஈரானின் தப்ரீஸ் நகர மதரஸாவுக்குச் சென்று அரபியும் ஃபார்ஸியும் கற்றார். அதன்பின் இஸ்தன்பூல் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயின்று 1909இல் தாயகம் திரும்பினார்.

திரும்பியவர் ஏற்ற தொழில் ஆசிரியப் பணி. நக்சிவான், கஞ்சா, திஃப்லிஸ், பாகூ ஆகிய நகரங்களில் மொழியும் இலக்கியமும் கற்பித்தார். பகலில் பாடம், இரவில் எழுத்து என்று அவர் வாழ்க்கை அமைந்தது.

கவிதையில் பிறந்த நாடகம்

அஸர்பைஜானில் ஐரோப்பிய முறையிலான நாடகத்தை 1850களில் மிர்ஸா ஃபத்ஹலி ஆகுந்தோவ் தொடங்கி வைத்தார். அவருடைய நாடகங்கள் உரைநடையில் அமைந்த நகைச்சுவைகள். அம்மேடைக்குக் கவிதையைக் கொண்டு வந்த பெருமை ஜாவிதைச் சாரும். 1910இல் அவர் எழுதிய 'அனா' (தாய்) என்னும் சிறு நாடகம் அஸர்பைஜான் மொழியின் முதல் கவிதை நாடகம் எனப் போற்றப்படுகிறது.

தாகெஸ்தான் மலைநாட்டில் ஸல்மா என்னும் தாய் தன் ஒரே மகனின் வருகைக்காகக் காத்திருக்கிறாள். அந்நேரம் துரத்தப்பட்டு ஓடி வரும் ஓர் இளைஞன் அடைக்கலம் கேட்கிறான். அவளும் தருகிறாள். தன் மகனைக் கொன்றவனே அவன் என்பது பின்னர்த்தான் தெரியவருகிறது. பழிவாங்கும் வாய்ப்பு கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், கொடுத்த வாக்கை மீறாமல் அவனைப் போக விடுகிறாள். அடைக்கலமாக வந்தவன் அமானிதம் என்பதே அத்தாயின் நெறி. இத்தாயை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன்.

ஷைகு ஃபரீதுத்தீன் அத்தார் தம் 'மன்திகுத் தய்ர்' நூலில் கூறிய ஷைகு ஸன்ஆனின் கதையை ஜாவித் 1914இல் நாடகமாக்கினார். அத்தாரின் ஷைகு இறுதியில் நல்வழி திரும்புகிறார். ஜாவிதின் நாடகமோ காதலர் இருவரின் மரணத்தில் முடியும் அவலக் காவியம்.

முதல் உலகப்போர் முடிவுக்கு வந்த 1918இல் எழுதிய 'இப்லீஸ்' அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. நல்லுள்ளம் கொண்ட ஆரிஃப் என்பவன் பொன்னாசையாலும் வெறியாலும் கொலைகாரனாக மாறும் கதை அது. மனிதரைக் கெடுக்க இப்லீஸ் தனியே வரவேண்டியதில்லை. பேராசை கொண்ட ஆட்சியாளரும் வஞ்சகரும் அந்த வேலையைத் தாமே செய்துகொள்கிறார்கள் என்பது அந்நாடகத்தின் கசப்பான முடிவு.

எழுதாமற் போன புகழுரை

1920 ஏப்ரலில் செம்படை பாகூவினுள் நுழைந்தது. இரண்டாண்டுகளே வாழ்ந்த அஸர்பைஜான் குடியரசு மறைந்தது. இறைமறுப்பை அரசின் கொள்கையாகக் கொண்ட அந்த ஆட்சியில், 1922இல் ஜாவித் எழுதிய நாடகத்தின் பெயர் என்ன தெரியுமா? 'பைகம்பர்'! நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பிஃஸத், தஃவத், ஹிஜ்ரத், நுஸ்ரத் என நான்கு பகுதிகளாக அமைத்தார். நபிமார்களை நாடகப் பாத்திரமாக்குவதை நம் உலமாக்கள் ஏற்பதில்லை. இந்நூலின் அமைப்பு குறித்து நமக்கும் அந்தக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அந்தப் பெயரைத் தலைப்பாக இட அக்காலத்தில் எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை.

1926இல் கண் சிகிச்சைக்காக ஜெர்மனி சென்றார். நோயைக் காரணம் காட்டி அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் திரும்பி வந்தார். கூட்டுப்பண்ணைகளையும் தலைவர்களையும் பாடுமாறு எழுத்தாளர்கள் நெருக்கப்பட்ட காலம் அது. ஜாவிதோ ஃபிர்தௌஸியின் 'ஷாநாமா'விலிருந்து 'ஸியாவுஷ்' நாடகத்தை 1933இலும், 'கய்யாம்' நாடகத்தை 1935இலும் எழுதினார். காலத்தோடு ஒட்டாதவர், பழமையில் ஒளிபவர் என்று விமர்சகர்கள் ஏசினர். அவர் வளைந்து கொடுக்கவில்லை.

1937 ஜூன் 4ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். கையெழுத்துப் படிகள் பறிமுதலாயின. பல்லாண்டுகள் உழைத்து எழுதிய 'ஆஸர்' என்னும் நெடுங்கவிதை முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. அந்த அலையில் கவிஞர் அஹ்மத் ஜவாத் 1937 அக்டோபரிலும், இளங்கவிஞர் மிகாயில் முஷ்ஃபிக் 1938 ஜனவரியிலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜாவிதுக்கு 1939இல் 8 ஆண்டுச் சிறைவாசம் விதிக்கப்பட்டது. சைபீரியாவின் இர்குத்ஸ்க் மாகாணத்தில், 1941 டிசம்பர் 5ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. வயது 59. ஜனாஸாவைத் தோளில் சுமக்க உற்றார் ஒருவரும் உடனில்லை.

வீட்டிலிருந்தோர் காத்த அமானிதம்

தண்டனை அவரோடு நிற்கவில்லை. பாகூவில் அவர்கள் குடியிருந்த வீட்டிலிருந்து மனைவி மிஷ்கினாஸும் பிள்ளைகளும் வெளியேற்றப்பட்டனர். மகன் எர்துக்ருலுக்கு அப்போது 17 வயது. மகள் தூரான் பள்ளிச் சிறுமி. இசையிலும் கவிதையிலும் சிறந்து விளங்கிய எர்துக்ருல் போர்க்காலத்தில் கட்டாயப் பணிக்கு அனுப்பப்பட்டு, நோயுற்று, 1943இல் தம் 24ஆம் வயதில் இறந்தார். தந்தை இறந்து இரண்டாண்டுகள்கூட நிறைவடையாத நேரம்.

இவற்றோடு மற்றோர் இடரும் சேர்ந்தது. ஜாவித் எழுதத் தொடங்கியபோது அஸர்பைஜான் மொழி அரபு எழுத்தில் இருந்தது. 1929இல் அது லத்தீன் எழுத்தாயிற்று. 1940இல் ரஷ்ய எழுத்தாயிற்று. தந்தை எழுதியதைப் பிள்ளைகளின் தலைமுறை படிக்க இயலாத நிலை! தடை விதிக்கப்படாத நூல்களுக்கே அந்தக் கதி என்றால், தடை செய்யப்பட்டவரின் நூல்கள் என்னவாகும்?

கணவரையும் மகனையும் இழந்த மிஷ்கினாஸ் மனம் தளரவில்லை. 1956இல் ஜாவித் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்படும்வரை அந்தப் பெயரை வீட்டிற்குள் காத்து வைத்தார். ஸ்டாலினின் மறைவுக்குப்பின் காற்று மாறியதும், தந்தையின் படைப்புகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பிக்கும் பணியை மகள் தூரான் தம் வாழ்நாள் கடமையாக மேற்கொண்டார். 'தாய்' நாடகத்தில் ஸல்மா காத்தது ஓர் அந்நியனின் உயிரை. இவ்விரு பெண்மணிகள் காத்தது ஒரு கவிஞரின் வாழ்நாள் உழைப்பை. அமானிதம் என்ற அளவில் இரண்டும் ஒன்றே.

1982இல், ஜாவித் பிறந்த நூறாவது ஆண்டில், அன்றைய அஸர்பைஜான் கட்சித் தலைவர் ஹைதர் அலியேவின் முயற்சியால் சைபீரியாவில் அடக்கத்தலம் கண்டறியப்பட்டு, எச்சங்கள் நக்சிவானில் நல்லடக்கம் செய்யப்பட்டன. 1996இல் அதன்மேல் நினைவு மண்டபம் எழுந்தது. எந்த வீட்டிலிருந்து குடும்பத்தார் வெளியேற்றப்பட்டனரோ, அந்த வீடு அவர் பெயரால் அருங்காட்சியகமாயிற்று. அதன் பொறுப்பை ஏற்றவர் தூரான்.

தூரான் 2004இல் காலமானார். நக்சிவான் மண்டபத்தில் தந்தை, தாய், தமையன் ஆகியோரின் அருகே அவரும் அடக்கமாகியுள்ளார். 1937இல் பிரிக்கப்பட்ட குடும்பம் அறுபத்தேழு ஆண்டுகளுக்குப்பின் அங்கே ஒன்று சேர்ந்தது. பிரித்த பேரரசோ 1991லேயே மறைந்துவிட்டது.