எட்டரை மணிக் கணக்கு

2023 டிசம்பர் 18ஆம் தேதி காலை, காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தி வந்தது. எண்ணெயையும் பாலையும் லிட்டரில் அளக்கும் நாம் மழையை மட்டும் ஏன் துணி அளப்பதுபோல் சென்டிமீட்டரில் அளக்கிறோம்?

பெய்த தண்ணீர் வழிந்தோடாமல், மண்ணுக்குள் இறங்காமல், ஆவியாகாமல் விழுந்த இடத்திலேயே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும்? அந்த உயரம்தான் மழையளவு. காயல்பட்டினத்தில் அது ஏறக்குறைய இடுப்பளவு. இந்தக் கணக்கின் அழகு, அதை எந்தப் பரப்புக்கும் விரித்துப் பார்க்கலாம் என்பது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 95 செ.மீ. பெய்தால் சுமார் 88,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஏழுக்கும் மேல்.

நம் உழவர்களிடம் வேறொரு அளவு உண்டு. மண்ணைக் கிளறி, ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து ‘ஓர் உழவு மழை’ என்பார்கள். ஏர் பூட்டலாமா என்பதற்கு அதைவிடப் பொருத்தமான விடை இல்லை. ஆனால் கரிசலில் இறங்கும் ஈரம் வேறு, செம்மண்ணில் இறங்குவது வேறு. ஊருக்கு ஊர் ஒப்பிட முடியாது. ஒப்பிட வேண்டும் என்றால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிப் பாத்திரம் வேண்டும். களஞ்சியத்தின் முன் குறிப்பிட்ட அகலத்தில் வாயுள்ள பாத்திரம் வைத்து மழையை அளக்கும்படி அர்த்தசாஸ்திரமே சொல்கிறது.

இன்றைய மழைமானியும் அடிப்படையில் அந்தப் பாத்திரம்தான். மேலே ஒரு புனல், கீழே நீர் சேரும் குடுவை. புனலின் குறுகிய துளை வழியே இறங்கிய நீர் எளிதில் ஆவியாகாது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைமானிகளில் ஒரு வகைக்கு வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. அதில் 1 மி.மீ. மழை என்பது வெறும் 20 மில்லிலிட்டர் நீர். அதை ஒல்லியான அளவுக் குவளையில் ஊற்றினால் அந்த ஒரு மில்லிமீட்டர் நீண்டு நிற்கும். அதிலும் பத்தில் ஒரு பங்கைக் கண்ணால் படிக்கலாம். கருவியின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்தால் தரையில் பட்டுத் தெறிக்கும் நீர் உள்ளே விழும். உயர்ந்தால் காற்று துளிகளை அள்ளிக்கொண்டு போய்விடும். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும்.

தானியங்கி நிலையங்களில் சீசா பலகை போன்ற இரட்டைக் கிண்ணம் இருக்கும். ஒன்று நிறைந்ததும் கவிழும், மற்றது மேலே வரும். எத்தனை முறை கவிழ்ந்தது என்பதே கணக்கு.

எந்த முறையானாலும் நாள் கணக்கு முடிவது காலை 8.30 மணிக்கு. முந்தைய நாள் 8.30 முதல் பெய்ததெல்லாம் இன்றைய தேதியில் ஏறும். காயல்பட்டினத்தின் 95 செ.மீ. டிசம்பர் 18 என்று பதிவானாலும், அதில் டிசம்பர் 17 பகலும் இரவும் பெய்ததும் அடக்கம். பழைய பட்டியல்களைப் புரட்டுபவர்கள் இதை மறந்தால் ஒரு நாள் தடுமாறிப்போவார்கள்.

24 மணி நேரத்தில் ஏழு செ.மீ. தொட்டால் கனமழை, பன்னிரண்டு தொட்டால் மிக கனமழை, 21 முதல் அதி கனமழை. முன்னறிவிப்பில் வரும் ‘ஓரிரு இடங்களில்’ என்ற சொல்லும் இப்படி அளந்து வைத்ததுதான். அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவாகும் என்பது அதன் பொருள். ‘ஒருசில இடங்களில்’ என்றால் பாதி வரை. ‘அநேக இடங்களில்’ என்றால் முக்கால் பங்கு வரை. அதற்கும் மேல் ‘பெரும்பாலான இடங்களில்’. அப்படியானால் இரண்டு நிலையங்களுக்கு நடுவே கொட்டித் தீர்த்த மழை எந்தப் பட்டியலிலும் ஏறாமலே போகக்கூடும். எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது.

அந்த மழையை வீட்டிலேயே அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, தட்டை அடிப் பாத்திரத்தை வெட்டவெளியில் வைத்து, தேங்கியதை அளவுகோலால் அளந்தால் போதும். பாத்திரம் எவ்வளவு அகலம் என்பது பொருட்டல்ல. வாளி மட்டும் உதவாது. வாய் அகன்று அடி குறுகியிருப்பதால், அது பெய்ததைவிடக் கூடுதலாகவே காட்டும்.