எலும்பு குடியேறும் பட்டு

ஆரணியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் தறி ஓடுகிறதாம். அவர் கல்லூரியில் உயிரியல் படிக்கிறாராம். “பட்டிலிருந்து எலும்பு செய்கிறார்களாமே, நிஜமா?” என்று கேட்கிறார். எலும்பைச் செய்வது எப்போதும் நம் உடம்புதான். அதன் செல்கள் குடியேறி வேலை செய்யப் பட்டு ஓர் இடம் அமைத்துக் கொடுக்கிறது, அவ்வளவே. அந்த இடத்தை அமைக்கும் விதம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

சாதாரண முறிவு கட்டுப் போட்டால் கூடிவிடும். விபத்தில் எலும்புத் துண்டு சிதறிப்போனாலோ, கட்டியோடு சேர்த்து வெட்டியெடுத்தாலோ விழும் பெரிய இடைவெளி தானாக அடையாது. இன்றும் மருத்துவர்கள் முதலில் நம்புவது நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து நிரப்புவதைத்தான். நல்ல முறை. ஆனால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்றைக் காயப்படுத்த வேண்டும். எடுக்கக்கூடிய அளவும் கொஞ்சம்தான். அதனால்தான் செல்கள் பற்றி வளர நுண்துளைகள் நிறைந்த செயற்கைச் சாரங்களைத் தேடிப் போனார்கள். டைட்டானியம் வலுவானது, ஆனால் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. பாரத்தையெல்லாம் அதுவே தாங்கிக்கொள்வதால் பக்கத்து எலும்பு வேலையின்றி மெலிந்துபோகும். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ராக்ஸி அபடைட் வகைத் தாது. அதையே செயற்கையாகத் தயாரித்து எலும்புக் குழிகளை நிரப்பும் பொருளாக்கும் வேலையில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் நம் நாட்டில் முன்னோடி.

பட்டு இந்த வரிசையில் பின்னால் வந்தது. கூட்டையும் புழுவையும் ஆரணிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கச்சாப்பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்தால் எடையில் கால் பங்கு குறைந்துவிடும் என்பதும் அங்கே தெரிந்த கணக்கு. போவது செரிசின் என்ற பசை. மிஞ்சுவது ஃபைப்ரோயின் என்ற புரதம். ஆய்வகத்திலும் முதல் வேலை இதுதான்: சோடியம் கார்பனேட் கரைத்த கொதிநீரில் அரை மணி நேரம். பிறகு அந்த இழையை லித்தியம் புரோமைடு கரைசலில் 60 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்தால், எஃகோடு ஒப்பிட்டுப் பேசப்படும் அந்த நூல் தடயமில்லாமல் கரைந்துபோகிறது. சவ்வுப்பை வழியே ரசாயனத்தை வடித்து நீக்கினால் மிஞ்சுவது தெளிந்த பட்டு நீர்.

அடுத்த பொருள் நம் அடுக்களை உப்பு. சோடியம் குளோரைடு பரல்களைச் சல்லடையில் சலித்து, அரை மில்லிமீட்டர் சொச்சம் உள்ளவற்றை மட்டும் பிரித்துப் பட்டு நீரில் தூவுகிறார்கள். கொஞ்சம் உப்பு கரைந்ததும் நீர் தெவிட்டிவிடும். மற்ற பரல்கள் கரையாமல் ஒன்றையொன்று தொட்டபடி அடியில் அடுக்கி நிற்கும். அந்த உப்பே பட்டுப் புரதத்தின் மடிப்பை மாற்றி, இனி தண்ணீரில் கரையாதபடி இறுக வைக்கிறது. இரண்டொரு நாளில் எல்லாம் கட்டியாகிவிடும். அதைத் தண்ணீரில் போட்டு நீரை மாற்றிக்கொண்டே இருந்தால் பரல்கள் கரைந்து வெளியேறும். அவை இருந்த இடமெல்லாம் துளை. கையில் எடுத்தால் வெள்ளைப் பஞ்சு. அதில் பத்தில் ஒன்பது பங்கு வெற்றிடம். துளை எவ்வளவு பெரிதாக வேண்டுமோ, அதற்கேற்ற சல்லடையை எடுத்தால் போதும்.

அந்த அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எலும்பு செய்யும் செல் 20, 30 மைக்ரோமீட்டர்தான். ஆனாலும் துளை 100-க்குக் குறையக் கூடாது என்பார்கள். ரத்தக் குழாயும் உள்ளே வர வேண்டுமானால் 300-க்கு மேல் வேண்டும். ரத்த ஓட்டத்திலிருந்து 200 மைக்ரோமீட்டருக்கு அப்பால் போன செல்லுக்குச் சாப்பாடு எட்டாது. துளைகள் ஒன்றுக்குள் ஒன்று திறக்கவும் வேண்டும். நான் வளர்ந்தது திண்ணையிலிருந்து கொல்லைவரை வரிசையாகக் கதவு வைத்த தெருவீட்டில். நடுக்கதவைச் சாத்திவிட்டால் பின்கட்டில் இருப்பவர்களுக்குக் காற்றே வராது. சாரத்திலும் அப்படித்தான். பரல்கள் தொட்டுக்கொண்டு நின்ற இடங்களே இங்கே கதவுகள்.

உள்ளே போன செல் சுவரைப் பற்றிப் பரவுகிறது, பெருகுகிறது, கொலாஜன் இழை விரிக்கிறது, பிறகு அதன்மேல் தாதுவைப் படியவைக்கிறது. பட்டை உடம்பின் நொதிகள் மெல்ல மெல்லக் கரைத்துவிடும். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கேப்லன் குழுவினர் பங்கேற்ற ஆய்வொன்றில், சுண்டெலிகளின் மண்டையோட்டுத் துளைகளில் ஸ்டெம் செல் வளர்த்த பட்டுச் சாரங்களை வைத்து எலும்பு வளர்வதை 2005-இல் காட்டினார்கள். கரக்பூர் ஐஐடியில் எஸ்.சி. குண்டு காட்டுப் பட்டான தசரை ஆராய்ந்தார். செல்கள் பற்றிக்கொள்ள உதவும் அமினோ அமிலத் தொடர் தசரில் இயற்கையாகவே உண்டு. நாம் நெய்யும் மல்பெரிப் பட்டில் அது இல்லை.

ஒரு எச்சரிக்கை. தொடை எலும்பின் பாரத்தை வெறும் பட்டுப் பஞ்சு தாங்காது. தாது கலந்து வலுவேற்றும் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. பட்டுத் தையல் நூல் ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலமாக இருக்கிறது. எலும்புக்கான பட்டுச் சாரம் இன்னும் அன்றாடச் சிகிச்சையாகவில்லை. யாராவது இப்போதே விற்க வந்தால் நம்பாதீர்கள்.

எனக்கு ஒரு மனக்குறை. மல்பெரி, தசர், எரி, மூகா என நால்வகைப் பட்டும் விளையும் ஒரே நாடு இந்தியா. காயத்துக்கும் அழகுசாதனத்துக்கும் பயன்படும் செரிசினை உலகம் காசு கொடுத்து வாங்குகிறது. நம் நெசவூர்களிலோ அது சோப்பு நீரோடு வாய்க்காலில் போகிறது. போகிற இடத்தில் தண்ணீரின் உயிர்வளியையும் குடித்துவிடுகிறது. புடவையை மட்டும் பட்டு என்று கொண்டாடி மற்றதைக் கழிவு என்று கொட்டுவது நமக்குக் கட்டுப்படியாகாத பழக்கம். அழுத்தக் கலத்தில் வெறும் வெந்நீரால் பசையெடுக்கும் முறை இருக்கிறது. அதில் சோப்பு கலக்காத செரிசின் தனியே கிடைக்கும். ஒரு சாயப்பட்டறைக்கு அந்தச் செலவு தாங்காது. ஊருக்குப் பொதுவாக ஒன்று வைத்தால் தாங்கும். கூட்டுறவுச் சங்கங்களும் மத்தியப் பட்டு வாரியமும் பக்கத்துக் கல்லூரிகளும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் பேசட்டும்.