மனதின் மறுபக்கம் – 9: நான்காம் படியில் ஒரு நோட்டுப் புத்தகம்

1961 ஜனவரி. குடியிலிருந்து மீண்ட அமெரிக்கர் பில் வில்சன், சுவிட்சர்லாந்தில் இருந்த 85 வயது மனநல மேதை கார்ல் யுங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். பல வருடங்களாகச் சொல்லாமல் விட்டுப்போன நன்றியைச் சொல்லும் கடிதம் அது.

ரோலண்ட் ஹசார்ட் என்ற பணக்காரக் குடும்பத்து அமெரிக்கர், குடியை விட முடியாமல் யுங்கிடம் சிகிச்சைக்குப் போனவர். கொஞ்ச நாள் நன்றாக இருந்தார், மறுபடி விழுந்தார். திரும்பி வந்தவரிடம் யுங் மழுப்பவில்லை. 'மருத்துவத்தால் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆளையே அடியோடு மாற்றும் ஆன்மிக அனுபவம் வாய்த்தால்தான் உண்டு' என்கிற ரீதியில் சொல்லி அனுப்பிவிட்டார். ரோலண்ட் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் சேர்ந்தார். அங்கே மீண்ட இன்னொருவர் மூலம் செய்தி வில்சனுக்கு எட்டியது. 1934 டிசம்பரில் வில்சன் குடியை நிறுத்தினார். மறு வருடம் ஆக்ரன் நகரில் டாக்டர் பாப் ஸ்மித்தோடு சேர்ந்து அவர் தொடங்கியதுதான் குடியிலிருந்து மீள்பவர்களின் குழுவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1961-ல் வில்சனின் அந்த நன்றிக் கடிதம் கிடைத்த ஒரே வாரத்தில் யுங் பதில் எழுதினார். அந்த ஜூன் மாதமே காலமானார்.

நமக்குப் பிடிக்காத, நாம் ஒப்புக்கொள்ள மறுக்கும் நம் குணங்களின் மூட்டையை யுங் 'நிழல்' என்றார். அதில் பொறாமையும் பயமும் மட்டும் இருப்பதில்லை, சின்ன வயதில் யாரோ கேலி செய்ததால் அடக்கிவைத்த பாட்டும் அழுகையும்கூட இருக்கும். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த 12 படிகள் யுங்கின் நூல்களைப் படித்து எழுதப்பட்டவை அல்ல. அவற்றின் வேர், ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பின் ஒப்புக்கொள்ளும் பழக்கத்தில் இருக்கிறது. ஆனால் யுங் சொன்ன நிழலைச் சாமானிய மனிதர் ஒரு பேனாவோடு சந்திக்கும் இடம் என்றால் அது அவற்றில் நான்காம் படிதான்.

பயப்படாமல் தன்னைத் தானே கணக்கெடுக்கச் சொல்கிறது அந்தப் படி. நோட்டில் பத்தி பிரித்து எழுத வேண்டும். யார்மேல் கோபம்? என்ன காரணம்? அது தன்னிடம் எதைத் தொட்டது? உதாரணத்துக்கு ஒரு வரி: மச்சினன்மேல் கோபம். காரணம், கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் 'குடிகாரன்' என்றான். தொட்டது மானத்தை. இதுவரை எழுதுவது சுலபம், இத்தனை வருடமும் மனசு இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது! அதற்கடுத்த கேள்வியில்தான் பேனா நிற்கும்: இதில் என் பங்கு என்ன? அந்தக் கல்யாணத்துக்கு வைத்திருந்த சீர்ப் பணத்தில் குடித்தது யார்?

ஐந்தாம் படி இன்னும் கடினம். எழுதியதை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

'வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்' என்று வளர்ந்தவர்களுக்கு இது லேசான காரியமில்லை. சென்னைக்கு அருகே படப்பை, ஒரகடம் பக்கம் ஷிப்டுக்குப் போகிற எத்தனையோ வீடுகளில், சூப்பர்வைசருக்கு போன் செய்து "அவருக்குக் காய்ச்சல் சார்" என்று சொல்வது மனைவியின் வேலையாகிவிடுகிறது. குடிப்பவர் தன்னிடமிருந்து மறைக்கிறார், குடும்பம் ஊரிடமிருந்து மறைக்கிறது. மறைத்தால் போய்விடுமா? இதே பகுதியில் ஏரி உபரிநீர் அடையாற்றுக்குப் போகும் வழியெல்லாம் மனைகளானபோதும் அப்படித்தான் நினைத்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்து தன் பழைய வழியைக் காட்டியது.

மறைக்க மறுத்த ஒரு பெண் சென்னையிலேயே உண்டு. சாந்தி ரங்கநாதனின் கணவர் டி.டி. ரங்கநாதன், டி.டி.கே. தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1979-ல் குடிநோயால் இறந்தார். பெரிய குடும்பம், இளம் விதவை. வேறு ஏதோ நோய் என்று சொல்லி மூடிவைக்க எல்லா வசதியும் இருந்தது. சாந்தி, கணவரைக் கொன்ற நோயின் பெயரைச் சொல்லி, 1980-ல் அவர் பெயரிலேயே சிகிச்சை அறக்கட்டளை தொடங்கினார். இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது. நோயாளியோடு குடும்பத்தாரும் ஆலோசனைக்கு வர வேண்டும் என்பதில் அங்கே உறுதியாக இருக்கிறார்கள். 1992-ல் சாந்திக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதைவிடப் பெரிது, குடிக்கு அடிமையாவது ஒழுக்கக்கேடு அல்ல, நோய் என்று தமிழ்நாட்டில் உரக்கச் சொல்லத் தொடங்கிய முதல் குரல்களில் அவருடையதும் ஒன்று என்பது.

ஓர் எச்சரிக்கை அவசியம். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டர், அப்புறம்தான் நோட்டுப் புத்தகம்.

குடிக்காதவர்களுக்கும் இந்த நோட்டு பயன்படும். பில் வில்சனின் மனைவி லோயிஸ், கணவர் மீண்ட பிறகு தன் கோபம் மட்டும் போகவில்லை என்பதைக் கண்டார். 'நான்தான் இவரைக் காப்பாற்றுகிறேன்' என்ற பெருமிதம் தனக்குள் இருந்ததையும், அந்த இடம் பறிபோனதில் வந்த பொறாமையையும் அவர் ஒப்புக்கொண்டார். குடும்பத்தாருக்கான ஆல்-அனான் குழுக்கள் 1951-ல் பிறந்ததில் அந்த நேர்மைக்குப் பங்குண்டு. தியாகம் செய்பவர்களுக்கும் நிழல் உண்டு என்று சொல்ல அசாத்திய தைரியம் வேண்டும்.

இதைப் படிப்பவர் வீட்டில் குடியை விட முடியாத ஒருவர் இருந்தால், போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மனஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். குடிப்பவர் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், உங்களுக்காகவே முதலில் கூப்பிடுங்கள்.