புகாருக்கு முன்பே தொடங்கும் பொறுப்பு

தொழிற்சாலையில் இயந்திரத்திற்குக் காப்புத் தடுப்பு அமைப்பது நிர்வாகத்தின் கடமை. விபத்து நேர்ந்த பின், தொழிலாளி கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று கூறி நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். இதுவே நமது சட்டத்தின் அடிப்படையாகும்.

1992-ஆம் ஆண்டில் ராஜஸ்தானில், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றிய கிராமப் பெண் ஒருவர், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். பணியின் காரணமாக நேரும் இத்தகைய கொடுமைக்கு யார் பொறுப்பு என்று வரையறுக்கும் தனிச் சட்டம் அன்று இல்லை. மகளிர் அமைப்புகள் தொடுத்த 'விசாகா' வழக்கில், 1997 ஆகஸ்டு 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமத்துவம், தொழில் செய்யும் உரிமை, கண்ணியமான வாழ்வு ஆகிய அடிப்படை உரிமைகள் இத்துன்புறுத்தலால் மீறப்படுகின்றன என்று கூறி, வேலையளிப்போருக்கு நெறிமுறைகளை வகுத்தது. பின்னர் 2013-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அவ்வாண்டு டிசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் விதிக்கும் கடமைகள்

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு அமைத்தல் வேண்டும். அதன் தலைவர் உயர்நிலைப் பெண் ஊழியராகவும், உறுப்பினருள் குறைந்தது பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். மேலிடத்து நிர்ப்பந்தத்திற்குக் குழு பணிந்துவிடாதிருக்க, வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் இடம்பெறுகிறார். நிகழ்ச்சி நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்கலாம். தக்க காரணமிருப்பின் மேலும் மூன்று மாத அவகாசம் உண்டு. விசாரணை 90 நாட்களுக்குள் முடிவுற வேண்டும். அதற்கிடையில் இடமாற்றம் அல்லது மூன்று மாதம் வரை விடுப்புப் பெற, புகார் அளித்தவர் எழுத்து மூலம் கோரலாம்.

ஆயினும், குழு அமைத்த அளவில் கடமை நிறைவுறுவதில்லை. தண்டனை விவரங்களை அனைவரும் காணுமாறு அறிவித்தல், ஊழியருக்குப் பயிற்சி அளித்தல், துன்புறுத்தலை ஒழுங்கீனமாகக் கருதி நடவடிக்கை எடுத்தல், காவல் துறையை நாட விரும்பும் பெண்ணுக்கு உதவுதல் ஆகியவையும் நிர்வாகத்தையே சாரும். குழு அமைக்கத் தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தவறு தொடருமாயின் உரிமமே ரத்தாகலாம்.

சிறு பணியிடங்களின் நிலை

பத்துப் பேருக்குக் குறைவான கடைகளிலும் பட்டறைகளிலும் பணிபுரிவோர், வீட்டு வேலை செய்வோர், முதலாளி மீதே புகார் உடையோர் ஆகியோருக்காக மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு அமைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். ஆனால், சட்டம் நடைமுறைப்படுத்தப்படுவதில் பெருங்குறைகள் உள்ளன என்று 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. குழு இருப்பதே தெரியாத பெண்ணுக்கு அக்குழுவால் பயனில்லை.

'எங்களிடம் ஒரு புகாரும் வரவில்லை' என்று நிர்வாகங்கள் பெருமையுடன் கூறுவதுண்டு. துன்புறுத்தல் இல்லாமையால் புகார் வராதிருக்கலாம். வேலை போய்விடும் என்ற அச்சத்தாலும் வராதிருக்கலாம். அன்றாடக் கூலியை நம்பி வாழும் பெண், வெளியே சொல்வதைவிட வேலையை விட்டு விலகுவதையே எளிதாகக் கருதுகிறாள். அவ்வாறு விலகும்போது அவளது குடும்பம் வருவாயை இழக்கிறது. தொழில் தேர்ந்த ஊழியரை இழக்கிறது. அச்சமின்றிப் புகார் கூறலாம் என்ற நம்பிக்கையைப் பணியில் சேரும் நாளிலேயே அவளுக்கு அளிப்பது வேலையளிப்பவரின் முதற்கடமையாகும்.