உங்களுக்குத் தெரியுமா? கையடக்கத்தில் ஒரு வானொலி நிலையம்!

பாடகர் கையில் இருக்கும் கார்ட்லெஸ் மைக்கை வெறும் மைக் என்றா நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! அந்தக் கைப்பிடிக்குள் ஒரு முழு வானொலி நிலையமே உட்கார்ந்திருக்கிறது! மேடையில் எட்டு மைக் என்றால் எட்டு நிலையங்கள்!

அந்த நிலையத்தின் சக்தி என்ன தெரியுமா? பல மைக்குகளில் வெறும் 10 மில்லிவாட்! பழைய ஜி.எஸ்.எம். செல்போன் உச்சத்தில் 2 வாட் வரை வீசியது. மைக்கைவிட 200 மடங்கு!

இன்னும் கேளுங்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய யு.எச்.எஃப். டிஜிட்டல் டிவி நிலையம் 10 லட்சம் வாட் வரை வீசலாம். அதே அலைவரிசைப் பட்டையில்தான் நம் குட்டி மைக்கும் பேசுகிறது. வித்தியாசம் 10 கோடி மடங்கு! அப்படியும் பாட்டு பிசிறில்லாமல் வந்து சேருகிறது!

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். 1949. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம். பனித்தரையில் சறுக்கிக்கொண்டே நடிக்கும் அலாவுதீன் நாடகம். வில்லன் அபனாசரின் உடைக்குள் ஒரு ரேடியோ மைக்! செய்து மாட்டிவிட்டவர் ரெக் மூர்ஸ். மைக் சொதப்பவே இல்லை!

ஆனாலும் மூர்ஸ் அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. ஏன்? அவர் பயன்படுத்திய 76 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அனுமதியே கிடையாது! அவர் 1947-இல் உருவாக்கிய அந்த முதல் மாதிரி இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1972-இல் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்!

1953-இல் ஷூர் நிறுவனம் 'வேகபாண்ட்' என்ற மைக்கைக் கொண்டுவந்தது. பெயரின் பொருள் நாடோடி. எட்டிய தூரமோ 15 அடி!

ஐந்தே வருடம். 1958-இல் ஜெர்மனியில் 'மிக்ரோபோர்ட்' விற்பனைக்கு வந்தது. தூரம் 300 அடி! சட்டைப் பைக்குள் அடங்கிவிடும்!

'மை ஃபேர் லேடி' படம் பார்த்திருக்கிறீர்களா? நாயகன் ரெக்ஸ் ஹாரிசன், பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார். படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடினார். மைக் எங்கே இருந்தது? அவருடைய டைக்குள்! 1964-இல் வந்த அந்தப் படத்தின் ஒலிப்பதிவுக்கு ஆஸ்கரே கிடைத்தது!

பாடகி கேட் புஷ்ஷுக்கு 1979-இல் ஓர் ஆசை. ஆடிக்கொண்டே பாட வேண்டும், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். அவருடைய ஒலிப்பொறியாளர் என்ன செய்தார் தெரியுமா? துணி மாட்டும் கம்பி ஹேங்கரை வளைத்துத் தலையில் மாட்டும் மைக் செய்துவிட்டார்! பதினோரு வருடம் கழித்துப் பாடகி மடோனா உலகச் சுற்றுப்பயணத்தில் அதே மாதிரி மைக்கை மாட்டினார். 'மடோனா மைக்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஹேங்கரை வளைத்தவரின் பெயரை யாரும் சொல்வதில்லை. மார்ட்டின் ஃபிஷர்!

1976 டிசம்பர். அமெரிக்காவின் லேக்லேண்ட் நகரில் 'கிஸ்' ராக் குழுவின் கச்சேரி. கிட்டாரிஸ்ட் ஏஸ் ஃப்ரேலி, எர்த் இல்லாத ஓர் உலோகக் கைப்பிடியைத் தொட்டார். ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது! பிழைத்ததே பெரிது. அதன்பின் அந்தக் குழு வயரில்லாத கிட்டாருக்கு மாறியது!

உதட்டில் சுரீர் என்று ஷாக் அடிக்கும் மைக்கில் பாடிய அனுபவம் திருவிழாப் பாடகர்களுக்கு நன்றாகத் தெரியும். கார்ட்லெஸ் மைக்கில் அந்தப் பயம் இல்லை. உங்களுக்கும் மின்சார லைனுக்கும் நடுவே இருப்பது வெறும் காற்று!

மைக்கின் சிக்னலை வாங்கும் ரிசீவரில் ஏன் இரண்டு ஆன்டெனாக் கொம்பு என்று யோசித்ததுண்டா? அழகுக்கு இல்லை! 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர். நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் மோதும்போது ஒன்றையொன்று அழித்துவிடலாம். அந்த இடத்தில் சிக்னல் பூஜ்யம்! பாடகர் ஓர் அடி நகர்ந்தால் மறுபடி முழுசாக வரும்! ஒரு கொம்பு பூஜ்யத்தில் மாட்டும்போது இன்னொரு கொம்பு பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது கால் அலைநீளம் இடைவெளி போதும். எவ்வளவு? வெறும் 12.5 சென்டிமீட்டர்!

இரண்டையும் நேராக நிமிர்த்தி வைக்காதீர்கள். 'வி' வடிவில் சாய்த்து வையுங்கள். மைக்கைப் பாடகர் எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒன்றாவது பிடிக்கும்!

காலி மண்டபத்தில் அட்டகாசமாக வேலை செய்த மைக், கூட்டம் வந்ததும் விட்டு விட்டுக் கேட்கிறதா? மைக் கெட்டுப்போகவில்லை! மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். ஐந்நூறு பேர் வந்து உட்கார்ந்தால் ஐந்நூறு தண்ணீர்ச் சுவர்! ஆன்டெனாவை எல்லோருடைய தலைக்கும் மேலே உயர்த்துங்கள். அவ்வளவுதான் வைத்தியம்!

தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் பாதியாகும் என்று நினைத்தால் தப்பு. நாலில் ஒரு பங்காகிவிடும்! நாலு மடங்கு தூரம் போனால்? பதினாறில் ஒரு பங்கு!

அதனால் ரிசீவரை மிக்ஸருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மேடைக்குப் பக்கத்தில் வையுங்கள்! அங்கிருந்து மிக்ஸர் வரை சாதாரண மைக் கேபிள் 100 மீட்டர் ஓடினாலும் ஒலிக்கு ஒன்றும் ஆகாது. ஆன்டெனா கேபிளை மட்டும் நீட்டாதீர்கள். ஒல்லியான ஆர்.ஜி.58 கேபிள் 30 மீட்டர் போனால், யு.எச்.எஃப். சிக்னலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வழியிலேயே காலி!

அவசரத்துக்கு 50 ஓம் ஆன்டெனா கேபிள் கிடைக்கவில்லையா? டிவிக்குப் போடும் தடித்த 75 ஓம் கேபிளை மாட்டலாம். கூடவே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டால், இந்த ஓம் வித்தியாசத்தால் திரும்பிப்போகும் சக்தி 4 சதவீதம்தான்!

இப்போது இந்தப் பக்கத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி. பேய் அலைகள்!

600 மெகாஹெர்ட்ஸில் ஒரு மைக், 601-இல் ஒரு மைக். இரண்டையும் ஆன் செய்தால் காற்றில் எத்தனை அலைகள்? இரண்டு இல்லை! 599-இலும் 602-இலும் யாரும் அனுப்பாத இரண்டு புது அலைகள் கிளம்பிவிடும்! இரண்டு மைக் நெருங்கும்போது ஒன்றின் சக்தி மற்றொன்றின் சர்க்யூட்டுக்குள் புகுந்து பெற்றுப்போடும் குட்டிகள் இவை!

மூன்றாவது மைக்கை 602-இல் வைத்தால்? பேய் அலை அதன் தலையிலேயே உட்காரும்! ஒழுங்காக, சம இடைவெளியில் அடுக்குவதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு!

எண்ணிக்கையைப் பாருங்கள். 2 மைக்குக்கு 2 பேய் அலைகள். 3 மைக்குக்கு 9. 5 மைக்குக்கு 50. 8 மைக்குக்கு 224. 10 மைக்குக்கு 450!

பயப்பட வேண்டாம். இந்தக் கணக்கை எல்லாம் கம்பெனிக்காரர்கள் முன்பே போட்டு வைத்துவிட்டார்கள். ரிசீவரில் 'குரூப்', 'சேனல்' என்று இரண்டு எண் இருக்கும். எல்லா மைக்குக்கும் ஒரே குரூப், வேறு வேறு சேனல். முடிந்தது!

ஆன் செய்த மைக்குகளை ஒரே மேஜையில் ஒட்டி ஒட்டி வைப்பவரா நீங்கள்? பேய் அலைகளுக்கு நீங்களே விருந்து வைக்கிறீர்கள்! கொஞ்சம் தள்ளித் தள்ளி வையுங்கள். ரிசீவரின் ஆன்டெனாவுக்கு மிக அருகேயும் வேண்டாம்!

காலியான அலைவரிசையைத் தேட ரிசீவரில் 'ஸ்கேன்' பட்டன் உண்டு. அதை அழுத்தும்போது உங்கள் மைக்குகள் அத்தனையும் ஆஃப் ஆகியிருக்க வேண்டும். மற்றதெல்லாம் ஆனில் இருக்க வேண்டும்! குறிப்பாக எல்.இ.டி. திரை. ஜோராகப் படம் காட்டும் அந்தத் திரை, ரேடியோ இரைச்சலையும் ஜோராக வீசும்!

பாடகர் மைக்கை ஆஃப் செய்த பிறகும் ரிசீவர் ஏன் புஸ்ஸென்று இரைவதில்லை? பல நல்ல மைக்குகள் குரலோடு ஒரு ரகசிய ஒலியையும் அனுப்புகின்றன. அது இருந்தால்தான் ரிசீவர் வாய் திறக்கும். காதுக்குக் கேட்காத அந்த ஒலியின் எண்: வினாடிக்கு 32,768 அதிர்வு! எங்கேயோ கேட்ட எண்ணா? உங்கள் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் நேரம் பார்க்க எண்ணுவதும் இதே 32,768-ஐத்தான்!

குரலை அப்படியே அனுப்ப எஃப்.எம். அலையில் இடம் போதாது. அதனால் மைக்குக்குள் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாக அமுக்குகிறார்கள். ரிசீவரில் மறுபடி இரண்டு மடங்காக விரிக்கிறார்கள். நீங்கள் கேட்டு ரசித்த எத்தனையோ கார்ட்லெஸ் கச்சேரிகள் சுருங்கி விரிந்து வந்தவைதான்!

டிஜிட்டல் மைக்கில் குரல் தாமதமாகும் என்று பயமா? நல்ல மைக்கில் 3 மில்லி செகண்டுதான். அதே 3 மில்லி செகண்டில் காற்றில் ஒலி போவது ஒரே ஒரு மீட்டர்!

100 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கருக்குப் பாடகரின் குரல் சிக்னலாகச் சட்டென்று போய்விடும். காற்று வழியாக வரும் குரலுக்கோ கிட்டத்தட்ட 0.29 வினாடி! அப்படியே விட்டால் பின்வரிசைக்காரருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். அதனால் பெரிய மைதானக் கச்சேரிகளில் பின்பக்க ஸ்பீக்கரை வேண்டுமென்றே தாமதிக்க வைக்கிறார்கள்!

மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்துப் பாடுவது ஸ்டைலா? பொத்தியதும், முன்பக்கம் மட்டும் கேட்கும் மைக் நாலா பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும். ஸ்பீக்கர் சத்தத்தையும் சேர்த்து! உடனே வீல்ல்ல் என்று ஊளை! அடியைப் பொத்தினாலும் ஆபத்து. பல மைக்குகளில் ஆன்டெனா இருப்பது அங்கேதான்! நடுவில் பிடியுங்கள்.

திறந்து வைத்த மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால், ஊளை வராமல் வைக்கக்கூடிய சத்தம் 3 டெசிபல் குறையும். பேசாதவர் மைக்கைக் குறைத்து வைப்பதே பாதி வெற்றி! லண்டன், நியூயார்க் இசை நாடகங்களில் ஒலிப்பொறியாளர் வசனத்துக்கு வசனம், பேசுபவரின் மைக்கை மட்டும் ஏற்றி இறக்குகிறார். முழு நாடகமும் அப்படித்தான்!

அந்த நடிகர்களின் மைக் எங்கே இருக்கிறது? நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில்! தோல் நிறத்துக்கே சாயம் பூசிவிடுவார்கள். சில மைக்குகளின் குறுக்களவு 2.5 மில்லிமீட்டர்! முக்கிய நடிகருக்கு இரண்டு மைக்; ஒன்று போனால் மற்றொன்று!

அந்த மைக்கோடு இணைத்து உடம்பில் கட்டும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியான பாடிபேக்கை வியர்வையிலிருந்து காப்பாற்ற நாடகக்காரர்கள் கண்டுபிடித்த உறை என்ன தெரியுமா? ஆணுறை! மசகு தடவாதது. நீர் புகாது, மெல்லியது, விலையும் மலிவு!

2006 ஆகஸ்ட். அமெரிக்க அதிபர் புஷ் உரை நேரலையில். திடீரென்று உரைக்கு மேலே ஒரு பெண்ணின் குடும்ப அரட்டை! கழிவறைக்குப் போன சி.என்.என். செய்தி வாசிப்பாளர் மைக்கை ஆஃப் செய்ய மறந்திருந்தார். 2010-இல் பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுனுக்கும் இதே கதி. சட்டையில் குத்திய மைக்கோடு காரில் ஏறி, சற்றுமுன் பேசிய வாக்காளரைத் திட்டினார். நாடே கேட்டது. எட்டே நாளில் தேர்தல்! கூட்டத்தில் பேசி முடித்துக் கீழே இறங்கும் ஒவ்வொருவரும் முதலில் தொட வேண்டியது மைக்கின் சுவிட்சைத்தான்!

மைக்குகளின் வீட்டை செல்போன் பிடுங்கிக்கொண்டிருக்கிறது தெரியுமா? அமெரிக்காவில் 2010 ஜூனில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை மைக்குகளுக்குத் தடை. 600 பட்டையின் பெரும்பகுதியை 2017-இல் ஏலம் விட்டார்கள். தொகை 1,980 கோடி டாலர்! 2020 ஜூலையோடு அங்கேயும் மைக் வாய் மூடியது!

இடம் குறையக் குறைய மூளை வேலை செய்கிறது. 2024-இல் சென்ஹைசர் நிறுவனம் அறிவித்த 'ஸ்பெக்டெரா' மைக் அமைப்பு, ஒரே ஒரு டிவி சேனல் இடத்துக்குள் 64 ஒலித்தடங்களை அடைக்கிறது! 32 போக, 32 வர!

விலை மலிவான மைக்குகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. அதே இடத்தில் வை-ஃபை. அதே இடத்தில் புளூடூத். மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான்! சின்ன அறைக்குப் பரவாயில்லை. ஆயிரம் போன்கள் நுழையும் கல்யாண மண்டபத்துக்கு வேண்டவே வேண்டாம்!

பழைய மைக்செட் விலைக்கு வருகிறதா? பணம் கொடுப்பதற்கு முன் ரிசீவரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் அலைவரிசையைப் படியுங்கள். 703 முதல் 803 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் 2022 ஏலத்துக்குப் பிறகு இந்தியாவில் 5ஜி நுழைந்துவிட்டது. அந்த எண்கள் கண்ணில் பட்டால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்!